வெயிலில் காய்ந்த பென்சில் செல்கள்

புதிதாகப் புரோகிராம் எழுதும் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் நீங்கள் எல்லோரும் வேன் எடுத்துக்கொண்டு செஞ்சிக்கோட்டை பார்க்க வந்தீர்கள். ராஜகிரி ஏறி இறங்கி, நாக்கு வறண்டு, என் வீட்டுக்கு வந்து பானைத் தண்ணீரைக் காலி செய்தீர்கள். அப்போது உங்களில் ஒரு பெண் செல்போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டே, "ஐயா, நீங்க எந்த காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்பியது பிறகு எனக்கே பிடிக்கவில்லை. அதனால் இப்போது எழுத்தில் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு. அதுவும் கணக்கு வாத்தியார் மனமில்லாமல் போட்ட பாஸ்.

ஆனால் ஒன்று. கையில் பிடிக்கிற கம்ப்யூட்டரைத் தமிழில் கேள்வி கேட்க வைத்த முதல் சில பேரில் நான் ஒருவன். முதல் ஆளே நான்தான் என்றுகூடச் சொல்லுவேன். இல்லை என்று யாராவது வந்தால் வரட்டும், உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொள்ளலாம்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. நான் தொட்ட ரேடியோ பேசாமல் போனதில்லை. ரேடியோவுக்குப் பிறகு டேப் ரெக்கார்டர், அதற்குப் பிறகு கால்குலேட்டர். ஒரு நாள் சென்னைக் கம்பெனிக்காரர் ஒருவர் செத்துப்போன ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, "இது ரேடியோ இல்ல, கையடக்கக் கம்ப்யூட்டர். உங்களுக்குப் புரியாது, இருந்தாலும் பாருங்க" என்றார். புரியாது என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லுக்காகவே மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து அதை எழுப்பினேன். அவர் என்னைக் கம்பெனிக்கே கூட்டிப்போனார். ரிப்பேர் செய்யத்தான் எடுத்தார்கள். நான் உள்ளே ஓடுகிற புரோகிராமையும் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கம் நகர ஒரு பகல் ஆகும். ஆனால் நகர்ந்த பக்கம் மறுபடி என்னிடம் வாலாட்டாது. கொஞ்ச காலத்தில் என்ஜினியர் பையன்கள் எழுதியதைத் திருத்துகிற இடத்துக்கு வந்துவிட்டேன். தமிழ் எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து அந்தப் பெட்டிக்குள் ஏற்றியதும் இந்தக் கைதான். இன்று உங்கள் போனில் தமிழ் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அன்று ஒரு 'ணை' வரைவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

சரி, பெருமை போதும். இல்லை, போதாது. ஆனால் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேலையில் நெருக்கடி வரும். எல்லோருக்கும் வரும். அப்போது எந்தப் பக்கம் நிற்பது என்று யாரும் பாடம் நடத்தமாட்டார்கள். எனக்கு வந்த நெருக்கடி செஞ்சியிலேயே வந்தது. வளர்மதி என்ற பெண்ணின் வேலையோடு சேர்ந்து வந்தது.

ஒரு கண் ஆஸ்பத்திரி. தர்மத்துக்கு நடத்துகிறவர்கள். செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய், யாருக்குக் கண் மங்குகிறது, எந்தக் கண், எவ்வளவு நாளாக என்று விசாரித்து, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களைப் பஸ் வைத்து அழைத்துப் போவது அவர்கள் திட்டம். விசாரிப்பதைக் காகிதத்தில் எழுதாமல் எங்கள் பெட்டியில் பதிவது என்று ஏற்பாடு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறப் பெட்டி அது. சின்னத் திரை, கீழே பொத்தான்கள், முதுகில் இரண்டு பென்சில் செல். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் ரூம் எடுத்து ஆபீஸ் போட்டோம். கம்பெனி சார்பில் மேனேஜர் ஒருவரும் நானும். வீடு வீடாகப் போக மூன்று பேர். அதில் இரண்டு பேர் வெளியூர்ப் பையன்கள், லாட்ஜில் தங்கியவர்கள். மூன்றாவது வளர்மதி. தளவானூர்ப் பக்கத்துக் காலனிப் பெண். அந்தக் காலனியில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான்.

வாரக் கடைசி நாள் காலையில் மூன்று பேரும் பெட்டியைக் கொண்டுவருவார்கள். ஒயர் மாட்டி, உள்ளே இருப்பதைப் பெரிய கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்வோம். பையன்கள் இருவர் பெட்டியும் நிறைந்து வந்தது. வளர்மதியின் பெட்டி காலி. முதல் வாரம், சரி, பழக்கமில்லை என்று அதே தெருக்களுக்கு மறுபடி அனுப்பினோம். அடுத்த வாரமும் காலி. ஒரே ஒரு பெயர்கூட இல்லை. பெட்டியில் தேதிகூடப் பழைய காலத்துக்குப் போய் நின்றது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த ஆளுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

"ஒரு வீட்டுக்காவது போனியாம்மா?"

"எல்லா வீட்டுக்கும் போனேன் சார். எல்லாரையும் கேட்டுப் பொட்டியில போட்டேன்."

"போட்டா இருக்கணும்ல? பையனுங்க மெஷின்ல இருக்குதே. உன் மெஷினுக்கு மட்டும் இன்னா, பேயா புடிச்சிருக்கு?"

"தெரில சார். நான் பத்திரமாத்தான் வெச்சிருந்தேன்."

"பத்திரமா வெச்சிருந்தியா, ஆன் பண்ணாமலே வெச்சிருந்தியா?"

அவள் அழவில்லை. அடையாள அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு மேனேஜர் என்னிடம் சொன்னார்: "ஏழுமலை, வியாழக்கிழமை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வராங்க. மெஷின் வேணுமா, பழையபடி பேப்பரான்னு அன்னிக்கு முடிவு பண்றாங்க. பொண்ணு வேலைக்குப் போகலன்னு சொல்லிடறேன். ஆளை மாத்திட்டா சரியாயிடும்."

நான் பெட்டியை எடுத்துத் திருப்பி, முதுகு மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு செல்லும் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றின் உடம்பில் வரிசையாகப் பள்ளம்.

"எலி கடிச்சிருக்கு" என்றார் மேனேஜர்.

மூடியைத் திறந்து, செல்லைக் கடித்துவிட்டு, மறுபடி மூடி வைத்துவிட்டுப் போகிற எலியை நான் செஞ்சியில் பார்த்ததில்லை. அது மனிதப் பல். ரேடியோக் கடை வைத்திருந்தவனுக்கு அது நொடியில் தெரியும். எங்கள் ஊரில் செல் தீர்ந்தால் உடனே தூக்கிப் போடமாட்டோம். வெயிலில் வைப்போம். அதற்கும் மசியாவிட்டால் பல்லால் ஒரு கடி. இன்னும் கொஞ்ச நேரம் பாடும். அப்படிக் கடிபட்ட செல்லோடு என் கடைக்கு வராத ரேடியோவே கிடையாது.

அப்படியென்றால் யாரோ இந்தச் செல்லைக் கழற்றியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியின் சங்கதி இப்படி. புரோகிராம் மட்டும்தான் அழியாத இடத்தில் இருக்கும். மனிதர்கள் பதிகிற பெயர், ஊர் எல்லாம் செல் கொடுக்கிற கரண்டில் உயிர் வாழும். செல்லைக் கழற்றிக் கொஞ்ச நேரம் போனால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். எங்களுக்கு இது தெரியும். பயிற்சியின்போது மேனேஜர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பயந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார். "செல்லை வீணாக்காதீங்க, வேலை இல்லாதப்ப செல் செலவாகக் கூடாது" என்று மட்டும் அழுத்தி அழுத்திச் சொன்னார்.

மறுநாள் காலை விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஏறி, கூட்டுரோட்டில் இறங்கி, தளவானூர் பக்கம் நடந்தேன். வளர்மதியின் வீட்டை விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுப் பக்கச் சுவரில் ஓர் அலுமினியத் தட்டு. தட்டில் பாதி மிளகாய் காய்ந்தது. மீதியில் பென்சில் செல் ஒரு ஜோடி காய்ந்தது. சுவருக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா, அவள் வாயில் நைனா, மடியில் சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு.

"யாரு, ரேடியோக்காரரா? வாங்க வாங்க. இதுக்கு நீங்கதான வால்யூம் கட்டை மாத்திக் குடுத்தீங்க. இன்னும் நல்லா திரும்புது."

"செல்லு இன்னாத்துக்கு வெயில்ல கெடக்குது?"

"ரேடியோக்காரரு கேக்கற கேள்வியா இது? கொஞ்சம் தெம்பு வரட்டும்னுதான். சாயங்காலச் செய்தி முடியற வரைக்கும் தாங்கணும்ல."

"வளர்மதி கொண்டாற பொட்டி செல்லையும் இப்படித்தான் வெப்பீங்களா?"

"அதுக்கு வெயில் எதுக்கு, அது புது செல்லு, கணீர்னு பாடுது. பொண்ணு வேலை முடிஞ்சு வந்ததும் கழட்டி ரேடியோல போட்டுப்பேன். வெடியக்காலம் செய்தி கேட்டுட்டு மறுபடி அதும் பொட்டியிலயே போட்டுடுவேன். அடுத்தவங்க பொருளு பாருங்க, ஒருநாளும் மறந்ததில்ல. ஒருவாட்டி கொஞ்சம் கரகரன்னுச்சு, லேசா ஒரு கடி கடிச்சேன். அதுக்கா இவ்ளோ தூரம் வந்துட்டீங்க?"

வளர்மதி உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் வேலை போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். செல்லைக் கழற்றினால் பெட்டி மறந்துவிடும் என்று.

"அண்ணா, செல்லு சும்மா கெடந்தா தீந்துபூடும்னு நானேதான் கழட்டி நைனாகிட்ட குடுப்பேன். மேனேஜர் சார்தான வீணாக்காதீங்கன்னாரு. அப்ப அவ்ளோ பேரையும் நாந்தான் அழிச்சனா?"

"நீ அழிக்கல. உனக்கு ஒருத்தரும் சொல்லல."

நைனா ரேடியோவை அணைத்தார். "இன்னாய்யா பொட்டி செஞ்சிருக்கீங்க? எங்கூட்டு கடியாரத்துல செல்லு எடுத்துப் போட்டா நேரந்தான் தப்புது. ஓடறதுக்கா மறந்துடுது?"

நியாயமான கேள்வி. அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

ஆபீஸுக்குத் திரும்பி மேனேஜரிடம் சொன்னேன். பெண் நிரபராதி என்று கேட்டதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்தினார்.

"டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லவே கூடாது. வீட்டு ரேடியோவுக்கு செல் எடுத்தா அழிஞ்சு போற மெஷினான்னு கேட்டா நான் இன்னா சொல்றது? ஆர்டர் அன்னிக்கே போயிடும். மெஷின் முதுகுல 'செல்லை எடுக்காதீர்கள்'னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம். அந்தப் பொண்ண அனுப்பிடலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார்."

"ஒரு பொண்ணுக்காக மொத்த கம்பெனியையும் கவுக்கப் போறியா?"

இங்கேதான் பிள்ளைகளே, நெருக்கடி. அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆர்டர் போனால் கம்பெனி ஆடிப்போகும், அதில் என் சோறும் உண்டு. ஆனால் ஸ்டிக்கர் என்றாரே, அங்கேதான் எனக்கு அவர் தோற்றுப்போனதாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் செல்லைக் கழற்றி வைப்பது கெட்ட பழக்கம் இல்லை. பொறுப்பான ஆள் செய்கிற காரியம். விளக்கை அணைப்பது மாதிரி, குழாயை மூடுவது மாதிரி. இன்றைக்கு வளர்மதி வீட்டில் நடந்தது நாளைக்கு எல்லார் வீட்டிலும் நடக்கும். ஊரையே ஸ்டிக்கர் ஒட்டி மாற்ற முடியாது. பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

பெட்டியில் அழியாத இடம் என்று கொஞ்சம்தான் உண்டு என்றேன் அல்லவா. புரோகிராம் போக மீதியில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒன்று, நான் வரைந்த தமிழ் எழுத்துகள். இன்னொன்று கம்பெனியின் கழுகு. பெட்டியைப் போட்டதும் திரை முழுக்க ஒரு கழுகு தோன்றி இறக்கையை அடித்துக்காட்டும். மேனேஜர் ஆசையாகச் சென்னையில் ஆள் வைத்து வரைந்தது. எல்லோருக்கும் முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுவார். பதிகிற பெயர்களை அந்த அழியாத இடத்தில் வைக்க வேண்டுமென்றால் ஒருவர் காலி செய்ய வேண்டும்.

"தமிழை எடுத்துடு" என்றார் மேனேஜர். "இங்கிலீஷ்ல கேள்வி போட்டா போதும். கழுகு நம்ம அடையாளம்."

"கழுகா சார் வீடு வீடா போயி கண்ணு தெரியுதான்னு கேக்கப்போவுது?"

"ஏழுமலை, கழுகுல கை வெக்காத. சொல்லிட்டேன்."

அவர் சென்னைக்கு பஸ் ஏறினார், வியாழக்கிழமை காலைதான் வருவதாகச் சொல்லிவிட்டு. நான் கழுகைத் தூக்கினேன். யோசிக்கவே இல்லை. இறக்கை, அலகு, வால், எல்லாம் போயிற்று. அந்த இடத்தில், ஒருவரைப் பற்றிப் பதிந்து முடித்த கணமே அது போய் உட்காரும்படி எழுதினேன். எப்படி எழுதினேன் என்று உங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன், அது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். ஒரே தொல்லை, ஒவ்வொரு முறை பதியும்போதும் பெட்டி கொஞ்சம் திணறி நின்றது. சென்னைக்கு போன் போட்டு என்ஜினியர் பையனிடம் கேட்டேன். "இவ்ளோ ஸ்லோவா இருந்தா யூஸ் பண்ணமாட்டாங்க சார்" என்றான். நின்றால் நிற்கட்டும் என்று திரையில் 'பொறு' என்று ஒரு சொல் போட்டேன். பொறு என்று மரியாதையாகச் சொன்னால் எங்கள் ஜனம் பொறுக்கும். காரணம் சொல்லாமல் நின்றால்தான் பெட்டியைத் தட்டுவார்கள்.

வளர்மதியைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கொடுத்தேன். அவளுக்கு ஒதுக்கிய பனமலை ஏரிக்கரைத் தெருக்களில் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து போகச் சொன்னேன். பாவம், அதே வீடுகளுக்கு மூன்றாவது தடவை. புதன்கிழமை மத்தியானம் திரும்பி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது.

"இன்னா சொன்னாங்க?"

"இன்னா சொல்லுவாங்க? கண்ணப் பாக்க வரியா, மாப்ள பாக்க வரியாங்கறாங்க. ஒரு ஆயா, நீ மறுபடி வரதுக்குள்ள எனக்கு அடுத்த கண்ணும் போயிடும்னு சொல்லிச்சு."

பெட்டியைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. மேசையிலேயே செல்லைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு, நாளைக்கு டாக்டரம்மா முன்னால் அதையே செய்து காட்டலாம். நான் அப்படிச் செய்யவில்லை. மேசையில் காட்டினால் என் புரோகிராமுக்குப் பெயர் வரும். வளர்மதி வீட்டில் உட்கார்ந்து ஏமாற்றினாள் என்ற பேச்சு அப்படியே நிற்கும். அவள் வீட்டில் நடந்தது எதுவோ அது அப்படியே நடந்து, அதற்குப் பிறகும் பெயர்கள் இருக்க வேண்டும். அப்போதுதான் அவள் பக்கம் உண்மை நிற்கும்.

"பொட்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா."

"நைனா செல்லு கேட்டா?"

"குடுத்துடு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நாளைக்குக் காலியா இருந்துச்சுன்னா எனக்கு வேலை போயிடும்ணா. காலனியில தலை காட்ட முடியாது."

"எனக்குந்தான் போயிடும். காலைல செல்ல பொட்டியில போட வேணாம்னு சொல்லு. ரேடியோவோட நைனாவையும் கூட்டிட்டு வா."

வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தார். கண்டிப்பான அம்மா. டீ வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், நேராக விஷயம். மேனேஜர் பளபளவென்று சட்டை போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தார்: "மெஷின் ரொம்ப நல்லா போகுது மேடம். ஒரே ஒரு ஸ்டாஃப் மட்டும் சரியில்ல. லோக்கல் பொண்ணு. வேலைக்கே போகாம..."

அப்போது மாடிப்படியில் சினிமாப் பாட்டு ஏறி வந்தது. பாட்டுக்குப் பின்னால் வளர்மதியின் நைனா, காதோரம் ரேடியோவோடு. அவருக்குப் பின்னால் வளர்மதி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு.

"யோவ் பெரியவரே, ரேடியோவ நிறுத்துய்யா. மீட்டிங் நடக்குது."

"நிறுத்தலாம் சார். ஆனா இதுல ஓடறது உங்க செல்லு" என்றார் நைனா.

டாக்டரம்மா நிமிர்ந்தார். மேனேஜர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் காலை நகர்த்திக்கொண்டு எழுந்து நின்றேன். சொன்னேன். செல்லைக் கழற்றினால் பெட்டி மறந்துவிடும் என்பதை, அதை நாங்கள் பயிற்சியில் சொல்லாமல் விட்டதை, வீணாக்காதீர்கள் என்று சொன்னதை இந்தப் பெண் எழுத்துக்கு எழுத்து கேட்டதை. மேனேஜர் கைக்குட்டை எடுத்தார்.

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். "உங்களுக்கு இது முதல்லயே தெரியுமா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. "தெரியும் மேடம்" என்றார். பயந்தவர்தான், ஆனால் அந்த இடத்தில் பொய் சொல்லவில்லை. அதை அவர் கணக்கில் வைத்தே ஆக வேண்டும்.

"நேத்து இந்தப் பொண்ணு பனமலையில பதிஞ்சிட்டு வந்தது உள்ள இருக்குது மேடம்" என்றேன். "சாயங்காலத்துலேர்ந்து பொட்டியில செல்லு கெடையாது. செல்லு அதோ பாடிக்கிட்டு இருக்குது."

"அப்ப இதுவும் காலியாத்தானே இருக்கும்?"

"போட்டுப் பாக்கலாம் மேடம்."

நைனா ரேடியோவின் முதுகைத் திறந்தார். பாட்டு பாதி வரியில் நின்றது. இரண்டு செல்லையும் மகள் கையில் வைத்தார். அவள் முதல் செல்லைத் தலைகீழாக மாட்டி, எடுத்து, திருப்பி மாட்டினாள். மூடியைப் போட்டாள். பொத்தானை அழுத்தினாள்.

திரை வெறுமையாக எழுந்தது.

"கழுகு எங்க?" என்று மேனேஜர் என் காதில் கேட்டார்.

"பறந்துபோச்சு சார்."

'பொறு' என்று வந்தது. கீழே பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் திண்டிவனம் திண்டிவனம் என்று கத்தியது மட்டும் கேட்டது. நான் பெருமைக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்தப் 'பொறு' திரையில் நின்ற நேரத்தில் என் சட்டைக்குள் வியர்வை ஓடியது எனக்குத் தெரியும். வளர்மதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாதான் முதலில் வாசித்தார். "கோவிந்தசாமி. ஏரிக்கரைத் தெரு, பனமலை. ரெண்டு கண்ணும் மங்கல்." பொத்தானை அழுத்தினார். அடுத்த பெயர். மறுபடி அழுத்தினார். அடுத்தது. அழுத்திக்கொண்டே இருந்தார். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. என் கையால் புள்ளி வைத்த தமிழில், ஒன்றுகூடக் குறையாமல்.

வளர்மதி கண்ணைத் திறந்து, "எல்லாம் இருக்குதாண்ணா?" என்றாள்.

"நீ போட்டது எங்கம்மா போவும்?" என்றேன்.

டாக்டரம்மா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பனமலைக்கு பஸ் அனுப்பறேன். வளர்மதி, நீதான் கூட்டிட்டு வரணும். இந்த வேலையில நீ இருக்க." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "மெஷினும் இருக்கட்டும். ஆனா எல்லா மெஷின்லயும் இவர் செஞ்ச மாதிரி செஞ்சிட்டுத்தான் எனக்குக் குடுக்கணும். இந்தப் பொண்ணு பாத்து சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்."

நைனா தொண்டையைச் செருமினார். "அம்மா, செல்லு இப்ப வேணுமா? செய்தி நேரம்."

டாக்டரம்மா அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியிலிருந்து எந்தப் பெட்டி வெளியே போனாலும், முதலில் அதில் எதையாவது பதிந்து, செல்லைக் கழற்றி ஒரு ரேடியோவில் போட்டுப் பாட்டுக் கேட்டுவிட்டு, மறுபடி மாட்டிப் பார்ப்பார்கள். சென்னை என்ஜினியர்கள் அதற்கு 'நைனா டெஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். இங்கிலீஷ் பேசுகிற பையன்கள் வாயில் நைனா, நைனா என்று கேட்கும்போது எனக்கு எவ்வளவு இனிக்கும் தெரியுமா. பெயர் அவருடையது, போகட்டும். வேலை என்னுடையது. எத்தனையோ ஜில்லாக்களுக்குப் போனது அந்தப் புரோகிராம். ஓரிடத்திலும் மறக்கவில்லை. நீங்கள் இன்று எழுதுகிறவற்றையும் அப்படிச் சோதியுங்கள். உங்கள் மேசையில் ஓடுவது பெரிய விஷயம் இல்லை. உங்களை நம்பி வாங்கிப் போகிறவர் வீட்டில், அவர் பழக்கத்தில், அவர் நல்லது என்று நினைத்துச் செய்வதைத் தாங்கி ஓட வேண்டும். ஓடாவிட்டால் அவரைத் திட்டாதீர்கள். உங்கள் கழுகைத் தூக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் உட்கார இடமில்லை. வளர்மதி படியில் நின்று பெட்டியைப் பார்த்துப் பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக ஏறினார்கள். பாதிப் பேர் அவள் குரல் கேட்டதுமே, கூப்பிடுவதற்கு முன்னாலேயே கையைத் தூக்கினார்கள். வேலைக்கே போகவில்லை என்று சொன்ன மேனேஜர், ஒரு பெரியவரின் கோலை வாங்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் படியேற்றினார். நானும் கூடப் போனேன். ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது வார்டில் இருந்தேன்.

கோவிந்தசாமிக்குக் கட்டுப் பிரித்தார்கள். பனமலையில் நிலபுலன் உள்ள ஆள். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி விளக்கைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு கட்டில் பக்கத்தில் நின்ற வளர்மதியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூணு வாட்டி வந்து கதவத் தட்னது யாரு, நீயா?"

"ஆமாங்க ஐயா."

"கொரல வெச்சு யாரோ பெரிய ஆபீசர்னு நெனச்சேன். இவ்ளோ சின்னப் பொண்ணா நீ." கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு வாட்டியும் வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பிட்டேன்ல?"

வளர்மதி குனிந்து அவர் தலையணையை நேராக வைத்தாள்.

"நாலாவது வாட்டி வா" என்றார் அவர். "உள்ள வந்து உக்காந்து கேளு."